சபரும் இகாமாவும்



சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் மஃரிபுத் தொழுகைக்குப் பின், நமது மஹல்லாவைச் சார்ந்த இளைஞர் ஒருவர் நான்காக மடித்த தாள் ஒன்றைக் கொணர்ந்தார். "ஹஜ்ரத், ரியாதிலே சூப்பர் மார்க்கெட் வேலைங்கிறாங்க. அரபியிலே என்ன எழுதியிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார். வாங்கிப் பார்த்தோம். தொழில் என்னும் கட்டத்தில் 'ராஈ அக்னாம்' என்று எழுதப்பட்டிருந்தது. ஆடு மேய்ப்பவர் என்பது அதன் பொருள். அதற்குள் அவர் தம் தாயாரின் நகையை அடகு வைத்து முகவருக்கு முன்பணம் கொடுத்து முடித்திருந்தார். மத்ரஸாவில் ஆண்டுக்கணக்கில் அரபு இலக்கணம் பயின்ற நமக்கு, அக்கல்வி இப்படியொரு தாளைப் படிக்கவும் பயன்படும் என்று அந்நாளில் யாரும் சொல்லித் தரவில்லை.

அன்று முதல் இத்தகைய தாள்களின் வரலாற்றைத் தேடிப் படித்து வருகிறோம். வெளிநாடு செல்பவர் முதலில் ஊதியத்தைக் கேட்கிறார். அடுத்து ஊரைக் கேட்கிறார். விசாவின் வகையைக் கேட்பவர் அரிது. ஆனால் அங்கே அவர் யாருடைய கையில் இருக்கப் போகிறார் என்பதைத் தீர்மானிப்பது அந்த வகையே ஆகும். இதனையே இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகிறோம்.

கடல் கடந்து பிழைக்கச் செல்வதை நம் கடற்கரை ஊர்களில் 'சபர்' என்றும், சென்றவரைச் 'சபராளி' என்றும் அழைப்பது பழைய வழக்கு. ஃபிக்ஹு நூல்களில் சபரில் இருப்பவர் முஸாஃபிர். ஓரிடத்தில் தங்கிவிட்டவர் முகீம். போய்வரும் நாள்கள் நீங்கலாக நான்கு நாள்கள் தங்க எண்ணினால் ஷாஃபிஈ மத்ஹபிலும், பதினைந்து நாள்கள் தங்க எண்ணினால் ஹனஃபீ மத்ஹபிலும் ஒருவர் முகீம் ஆகிவிடுகிறார். தங்குதலைக் குறிக்கும் அந்த 'இகாமத்' என்னும் சொல்லே வளைகுடா நாடுகளில் வசிப்பிட அனுமதிக்குப் பெயராயிற்று. நூல்களில் ஒருவரை முகீம் ஆக்குவது அவருடைய சொந்த நிய்யத். அரசாங்கங்கள் வழங்கும் இகாமாவிலோ நிய்யத்தை வேறொருவர் செய்ய, தங்குபவர் இன்னொருவராக இருக்கிறார்.

வளைகுடாவுக்கு முன்னர் நம்மவர் சென்ற இடம் மலாயாவும் சிங்கப்பூரும் என்பதை அனைவரும் அறிவர். 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலை நம் பாட்டனார் தலைமுறையில் அறியாதவர் இல்லை. கூலித் தொழிலாளர் மலாயா செல்வதை இந்திய அரசு 1938-இல் தடுத்தபோதும், வணிகர்களாகச் சென்ற நம்மவர் போக்குவரத்து பெரும்பாலும் தடைப்படவில்லை. நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்குவதும், ஈராண்டு மூவாண்டு கடையில் இருந்துவிட்டுத் திரும்புவதும், தம்பியை அனுப்பிவிட்டு அண்ணன் ஊரில் தங்குவதும் இயல்பாக நடந்தன. விசாவைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சே அன்று எழவில்லை.

அந்தக் காலம் 1953 ஆகஸ்டு முதல் நாளுடன் முடிந்தது. 1952-இல் இயற்றப்பட்ட குடிநுழைவுச் சட்டம் அன்றுதான் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நடைமுறைக்கு வந்தது. ஏற்கெனவே அங்கு வசித்தவர் ஊருக்கு வந்தால் மீண்டும் நுழைவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்றாயிற்று. 1959-இல் மலாயாவில் வந்த திருத்தம் நம் குடும்பங்களை இன்னும் ஆழமாகத் தொட்டது. 1954 டிசம்பருக்குப் பின் தொடர்ந்து ஐந்தாண்டுகள் கணவரைப் பிரிந்து வாழ்ந்த மனைவியர் இனிச் சேர்ந்து வாழ வர இயலாது என்றது அச்சட்டம். மனைவி மக்களை ஊரில் விட்டுச் சபர் செய்வதையே வாழ்க்கை முறையாகக் கொண்டிருந்த சமூகத்திற்கு இதைவிடக் குறிபார்த்த விதி வேறென்ன இருக்க முடியும்? சட்டம் இயற்றியவர்கள் நம்மை எண்ணி இயற்றினார்கள் என்று நாம் கூறவில்லை. ஆயினும் அது வந்து விழுந்த இடம் நம் வீட்டு முற்றம்.

1957-இல் மலாயா விடுதலை பெற்றபோதும், அதே ஆண்டில் சிங்கப்பூரில் குடியுரிமைச் சட்டம் வந்தபோதும் நம் பெரியவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்தது. வெளிநாட்டுக் குடியுரிமையைத் தாமே விரும்பிப் பெறுபவர் இந்தியக் குடியுரிமையை இழப்பார் என்பது நம் அரசியல் சட்டத்தின் நிலை. ஆகவே சிலர் குடியுரிமை பெற்றனர். சிலர் நிரந்தர வசிப்பிட அட்டையோடு நின்றுகொண்டனர். 'இரண்டு வருஷம் போகட்டும், பார்ப்போம்' என்று தள்ளிப் போட்டவர்களும் பலர். மலேசியாவில் அந்த வசிப்பிட அட்டை சிவப்பு நிறமுடையது. 1968-இல் குடிமக்கள் அல்லாதோர் வேலை செய்ய உரிமம் பெற வேண்டும் என்ற சட்டம் வந்தது. அதற்கடுத்த ஆண்டுகளில் பல்லாயிரம் தமிழர்கள் அங்கிருந்து தாயகம் திரும்ப நேர்ந்தது. தள்ளிப் போட்டதும் ஒரு தேர்வாகவே முடிந்துவிட்டது.

இனி வளைகுடாவுக்கு வருவோம். 1971 வரை இன்றைய அமீரகப் பகுதிகளுக்கு விசா வழங்கி வந்தவர்கள் ஆங்கிலேயர்களே. எண்ணெய்ச் செல்வம் பெருகியபின் ஒவ்வொரு நாடும் தன் வசிப்பிடச் சட்டத்தை உறுதி செய்துகொண்டது. சவூதி அரேபியாவின் இகாமாச் சட்டம் ஹிஜ்ரி 1371, அதாவது 1952-ஐச் சேர்ந்தது. குவைத்தில் 1959-இலும், அமீரகத்தில் 1973-இலும் அத்தகைய சட்டம் இயற்றப்பட்டது. இவை அனைத்திலும் நடுத்தூணாக நின்றது, அந்நியர் ஒருவருக்கு உள்ளூரார் ஒருவர் பொறுப்பேற்கும் 'கஃபாலா' முறையாகும். முத்துக்குளிப்புக் காலத்தில் படகுத் தலைவரே தம் ஆட்களுக்குப் பொறுப்பாக இருந்ததிலிருந்தும், அதனை ஆங்கில நிர்வாகம் எழுத்தில் வடித்ததிலிருந்தும் இம்முறை வளர்ந்தது என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

இங்கே சற்று நின்று நம் பாடத்தை நினைவுகூர வேண்டியுள்ளது. மத்ரஸாவில் கஃபாலா என்னும் பாடத்தை ஓதியவர்கள், அச்சொல்லை இன்றைய பொருளில் முதன்முதலாகக் கேட்கும்போது திகைப்பர். அங்கே கஃபீல் என்பவர் பிறருடைய கடனையோ, அவரை உரிய இடத்தில் ஒப்படைக்கும் கடமையையோ தம் தோளில் ஏற்றுக்கொள்பவர். பொறுப்பேற்ற கணமே சுமை அவர்மீது வந்துவிடுகிறது. பிறருக்குப் பொறுப்பேற்பது நன்கொடை போன்றது. அதற்குக் கூலி வாங்கலாகாது என்பதே பெரும்பாலான சட்ட அறிஞர்களின் முடிவு. நடைமுறையில் வந்த கஃபாலாவிலோ சுமை தலைகீழாகிவிட்டது. கஃபீலின் ஒப்புதலின்றி வேறு வேலைக்கு மாற இயலாது. சில நாடுகளில் ஊர் திரும்பவும் இயலாது. வேலையை விட்டு அகன்றவர்மீது 'ஹுரூப்', அதாவது ஓடிப்போனவர் என்று பதிந்துவிட்டால் அவர் சட்டத்தின் முன் குற்றவாளி. பெயர் நம் கிதாபிலுள்ள பெயர்தான். பொருள் அங்கிருந்து வந்ததன்று.

இந்தத் தலைகீழ் மாற்றத்தின் உச்சமே நம்மூரில் 'ஃப்ரீ விசா' என்று விற்கப்படும் சரக்கு. அப்படி ஒரு விசா எந்நாட்டுச் சட்டத்திலும் இல்லை. ஒருவர் தம் பெயரில் விசா எடுத்துப் பணத்துக்கு விற்றுவிடுகிறார்; வாங்கியவர் வெளியில் எங்கேனும் வேலை தேடிக்கொண்டு, ஆண்டுதோறும் அவருக்குக் கப்பம் கட்டி வருகிறார். கூலி வாங்கக்கூடாத பொறுப்புக்கு மாதக் கூலி! வெளியில் செய்யும் அந்த வேலையோ சட்ட விரோதம். சவூதி அரசு 2011-இல் 'நிதாகாத்' திட்டத்தைத் தொடங்கி, 2013-இல் தன் நிலையைச் சரிசெய்துகொள்ள அனைவருக்கும் தவணை அளித்தது. அவ்வாண்டு நவம்பர் 3-ஆம் நாள் தவணை முடிந்தது. அந்நாள்களில் இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர்கள் தாயகம் திரும்பினர். அவ்வாண்டு நம் பள்ளியிலும் முன்வரிசைகளில் பழகாத முகங்கள் பல தென்பட்டன. மகிழ்ச்சியோடு வந்தவர்களாக அவர்கள் இல்லை.

அண்மைக் காலத்தில் கயிறு ஓரளவு தளர்ந்துள்ளது. கத்தார் 2018-இல் பெரும்பாலான தொழிலாளர்களுக்கு வெளியேறும் அனுமதியை நீக்கியது. 2020 ஜனவரியில் வீட்டுப் பணியாளர்களுக்கும் நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் வேலை மாற முதலாளியின் ஒப்புதல் தேவையில்லை என்றது. சவூதி அரேபியா 2021 மார்ச்சில் இத்தகைய சலுகைகளைத் தொடங்கியபோது வீட்டுப் பணியாளர், வீட்டு ஓட்டுநர், மேய்ப்பர் ஆகியோரை அதில் சேர்க்கவில்லை. நம் இளைஞர் கொணர்ந்த தாளில் இருந்த அந்த இரண்டு சொற்களின் கனம் இப்போது விளங்குமென்று நம்புகிறோம். குவைத்திலும் இவ்வாறே: 18-ஆம் எண் விசா தனியார் நிறுவனத்துக்குரியது, 20-ஆம் எண் வீட்டுப் பணிக்குரியது. 20-இல் சென்றவர் தாம் நினைத்த நேரத்தில் 18-க்கு மாறிவிட முடியாது. அரசு வாயில் திறக்கும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும். தொகை குறைவு என்று இருபதை வாங்கிச் சென்று, பதினெட்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் நமதூரிலேயே உண்டு.

குடும்பத்தை அழைத்துச் செல்லும் எண்ணம் உடையவர்கள் கணக்கைப் புறப்படும் முன்னரே போட்டுவிட வேண்டும். அமீரகம் 2019-இல் தொழிலின் பெயரைப் பாராது வருமானத்தையே அளவாக்கியது. மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் என்பது அந்த அளவு. குவைத் 2024-இல் 800 தினார் என்று உயர்த்தியது. நம்மவரில் எத்தனை பேர் அதை எட்டுவர்? சவூதியில் 2017 ஜூலையில் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் என்று தொடங்கிய கட்டணம் 2020-இல் 400 ரியால் ஆயிற்று. மனைவியும் மூன்று மக்களும் உடையவருக்கு மாதம் 1,600, ஆண்டுக்கு 19,200 ரியால். பலர் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு மீண்டும் தனியாள் அறைக்குச் சென்றனர். 1959-இன் மலாயாவில் பிரிந்திருந்த காரணத்தால் சேர முடியவில்லை. இங்கே சேர்ந்திருந்தவர்கள் கட்டணத்தால் பிரிந்தனர்.

கஃபீல் இல்லாத இகாமா என்பது எழுபதாண்டுகளுக்குப் பின் வந்த புதுமை. சவூதியின் சிறப்பு வசிப்பிடத் திட்டம் 2019-இல் அறிவிக்கப்பட்டபோது நிரந்தரமாகத் தங்க 8 இலட்சம் ரியாலும், ஓராண்டுக்கு ஓர் இலட்சம் ரியாலும் கட்டணமாக இருந்தன. அமீரகத்தின் கோல்டன் விசாவும் அதே ஆண்டில் வந்ததுதான். பத்தாண்டுக்குரிய அதனை 20 இலட்சம் திர்ஹம் மதிப்புள்ள சொத்தின் பேரிலும், உயர்திறன் பேரிலும் பெறலாம் என்றாயிற்று. சாதாரண விசாவில் ஆறு மாதம் தொடர்ந்து வெளியில் இருந்தால் அது காலாவதியாகிவிடும். கோல்டன் விசாவுக்கு அத்தடை இல்லை. 2022-இல் வந்த ஐந்தாண்டு பச்சை விசா, படித்த நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது. பட்டமும் 15,000 திர்ஹம் ஊதியமும் உடைய பணியாளர் தமக்குத் தாமே பொறுப்பாளராக நிற்க அது வழி செய்கிறது.

2025 ஜூலையில் 23 இலட்சம் ரூபாய் கொடுத்தால் ஆயுள் முழுதும் கோல்டன் விசா என்று ஒரு செய்தி பரவியது. ஒரு வாரத்திற்குள் நம்மிடம் நான்கு பேர் விசாரித்தனர். அமீரக அரசு அதனை உடனே மறுத்துவிட்டது. இவற்றுள் எதுவும் குடியுரிமை ஆகாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

அந்த இளைஞர் ரியாதுக்குச் செல்லவில்லை. கடவுச்சீட்டைத் திரும்பப் பெற மூன்று மாதம் ஆயிற்று. முன்பணத்தில் பாதியே கிடைத்தது. பின்னர் ஷார்ஜாவில் ஒரு கடைக்கு வந்த தாளைக் கொணர்ந்தார். அதில் தொழில் 'பாயிஃ', விற்பனையாளர் என்றும், முதலாளியாக அக்கடையின் பெயரே என்றும் இருந்தன. ஊதியம் அவர் முன்பு கேட்டதைவிடக் குறைவு. சென்றார், இன்றும் அங்கே இருக்கிறார். தாயாரின் நகை இரண்டாம் ஆண்டில் மீண்டது.

தாளைக் கொண்டு வருபவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் கொண்டு வாருங்கள். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் நாம் பள்ளியில்தான் இருக்கிறோம்.