ஒரே ஊர், இரண்டு போலீஸ்

சென்ற வாரம் கேப்டன் ஜார்ஜ் வாலிங்கை மேயர் அறை வாசலில் நிறுத்தியிருந்தோம். வாருங்கள், உள்ளே போவோம்.

1857 ஜூன் 16. நியூயார்க் நகர மண்டபம். வாலிங்கின் கையில் பிடிவாரண்ட். பிடிக்க வேண்டிய ஆள், மேயர் ஃபெர்னாண்டோ வுட்!

துணைக்கு ஒருவரும் இல்லை.

வாலிங்கும் நேற்றுவரை மேயரின் முனிசிபல் போலீஸில் இருந்தவர்தான். ஆல்பனியில் கூடும் மாநிலச் சட்டமன்றம் அந்தப் படையை ரத்து செய்து மெட்ரோபாலிட்டன் போலீஸை உருவாக்கியது. சட்டம் இருக்கும் பக்கம்தான் தன் இடம் என்று அவர் வந்துவிட்டார். வுட் விடுவாரா? போலீஸ் கையில் இருந்தால்தான் ஊர் கையில், தேர்தலும் கையில். கவர்னர் நியமித்த தெரு ஆணையர் கனோவரைத் தன் போலீஸை ஏவி நகர மண்டபத்திலிருந்து வெளியே தள்ளவைத்தார். அதற்குத்தான் இந்த வாரண்ட்.

அப்படி ஒரு போலீஸே கிடையாது, கைதாக மாட்டேன் என்றார் மேயர்.

வாலிங் அவர் கையைப் பிடித்தார்.

முனிசிபல் போலீஸார் பாய்ந்தார்கள். பழைய சகாக்களே அவரை இழுத்து வெளியே தள்ளினார்கள்.

அடுத்து சுமார் 50 மெட்ரோபாலிட்டன்கள் அணிவகுத்து வந்தார்கள். சீருடைகூட இன்னும் கிடைக்கவில்லை. நீளக் கோட்டு, உயரத் தொப்பி. எதிரே நூற்றுக்கணக்கில் முனிசிபல்கள்.

படிக்கட்டில் தடிகள் மோதின. போலீஸ் மண்டையைப் போலீஸே உடைத்தது! ஐம்பது பேருக்குக் குறையாமல் காயம். ஒருவர் வாழ்நாள் முழுக்க முடமானார். மெட்ரோபாலிட்டன்கள் பின்வாங்கினார்கள். வுட் ஜெயித்துவிட்டார் என்றே தோன்றியது.

அப்போது பிராட்வேயில் முரசொலி.

பாஸ்டன் விழாவுக்குக் கப்பலேறப் போய்க்கொண்டிருந்த மாநிலப் படையின் ஏழாவது ரெஜிமென்ட்! தளபதி சாண்ட்ஃபோர்ட் படையைத் திருப்பி மண்டபத்தைச் சூழ்ந்தார். வுட் துப்பாக்கி முனைகளைப் பார்த்தார். பணிந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஜாமீனில் வந்தும்விட்டார். என்னைக் கேட்டால், நகரத்துக்கு நேர்ந்த பெரிய கேடு இதற்குப் பிறகுதான். ஒரு போலீஸ் பிடித்த திருடனை மற்றொரு போலீஸ் அவிழ்த்துவிட்டது. இவர்கள் சண்டையில் கொள்ளைபோனது எளிய ஜனங்களின் உடைமை.

ஜூலை தொடக்கத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: மெட்ரோபாலிட்டனே செல்லும். மறுநாள் வுட் தன் படையைக் கலைத்தார். புதுப் படையிலோ ஆள் பற்றாக்குறை.

விடிந்தால் ஜூலை 4, சுதந்திர தினம். ஃபைவ் பாயிண்ட்ஸ் சேரிச் சந்துகளில் டெட் ராபிட்ஸ் கும்பல் கல்லும் தடியும் சேர்த்துக்கொண்டிருந்தது.

முதலில் அவர்கள் கையில் சிக்கப்போவது யார்?

(தொடரும்)