பங்குனி ஆமைக்குக் காவல்

தை பிறந்துவிட்டால் சென்னைக் கடற்கரையில் இரவு நடை தொடங்கிவிடும். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ஈரமணலை ஒட்டி நடப்பவர்கள் தேடுவது, டிராக்டர் சக்கரம் ஏறியது போன்ற ஒரு தடத்தை. கடலிலிருந்து மேடேறித் திரும்பவும் கடலுக்கே இறங்கும் அந்தத் தடத்தின் நடுவே எங்கோ நூறு முட்டைகள் புதைந்து கிடக்கும்.

இட்டுப்போனது பங்குனி ஆமை. பங்குனி வாக்கில் கரையேறுவதால் வந்த பெயர்.

தமிழர் இதைக் கவனித்தது புதிதல்ல. அகநானூற்றின் 160-ஆம் பாடலில் அடும்பங்கொடி படர்ந்த மணல்மேட்டில் ஆமை முட்டையிட்டுப் புதைக்கிறது. குஞ்சு பொரிக்கும்வரை ஆண் ஆமை காவல் இருக்கிறது. புதைத்தது கண்ணால் கண்ட காட்சி. காவல் மட்டும் கற்பனை. பங்குனி ஆமையில் ஆண் கரைக்கே வராது. தாயும் குழியை மூடி, உடம்பால் மணலைத் தட்டி இறுக்கிவிட்டுப் போனால் போனதுதான்.

எல்லா உயிரும் இப்படி விட்டுவிட்டுப் போவதில்லை. கடல் கெளுத்தியில் ஆண் மீன் முட்டைகளை வாயிலேயே அடக்கிக்கொண்டு, பொரியும்வரை இரை தின்னாமல் திரியும். முதலை கூட்டருகே காவல் கிடக்கும். முட்டைக்குள்ளிருந்து குஞ்சுகள் குரல் கொடுத்ததும் மண்ணைத் தோண்டி, அவற்றை வாயில் கவ்வித் தண்ணீருக்குக் கொண்டுபோகும். ஆமைக்கு எண்ணிக்கையே காவல்.

நகரம் வளர்ந்தபோது அந்தக் காவல் போதவில்லை. நாயும் நரியும் தோண்டியது போக, முட்டைகளை மனிதரும் எடுத்துத் தின்றார்கள், விற்றார்கள். 1970-களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேக்கரின் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்கள் இரவில் கரையோரம் நடந்து, முட்டைகளை எடுத்து வேலியிட்ட இடத்தில் புதைக்கத் தொடங்கினார்கள். அவர்களோடு சேர்ந்த ஐஐடி மாணவர் சதீஷ் பாஸ்கர், பின்னாளில் இந்தியக் கடற்கரைகளை ஆமைக்காகவே நடந்து அளந்தார். 1982 மழைக்காலத்தில் லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலித் தீவில் மாதக்கணக்கில் தனியாகத் தங்கினார். 1988-இல் சென்னை மாணவர்கள் தங்களுக்கென்று ஓர் அமைப்பு தொடங்கி, இரவு நடையை ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமாக்கினார்கள்.

தடம் கடலுக்குத் திரும்பும் இடத்தில் குச்சியால் மணலை மெல்லக் குத்திப் பார்ப்பார்கள். குச்சி வழுக்கென்று இறங்கினால் அங்கே கையால் தோண்டுவார்கள். ஒன்றரை அடி ஆழத்தில் டேபிள் டென்னிஸ் பந்து அளவில், தொட்டால் குழியும் தோல் ஓட்டோடு முட்டைகள் இருக்கும்.

இங்கேதான் கவனம் வேண்டும். கோழி அடைகாக்கும்போது முட்டையை அடிக்கடி புரட்டிவிடும். புரட்டாவிட்டால் கரு கெடும். ஆமை முட்டை நேர்மாறு. இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் புரட்டினால் செத்துப்போகும். அதனால் விடிவதற்குள் முட்டைகள் பொரிப்பகக் குழிக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே 45 முதல் 60 நாள். குஞ்சு ஆணா பெண்ணா என்பது மணலின் சூட்டைப் பொறுத்தது. சூடு கூடினால் பெண்.

முட்டைக்குக் காவல் கிடைத்துவிட்டது. தாய்க்கு இன்னும் கிடைக்கவில்லை. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். இழுவலையில் மாட்டினால் மேலே வர முடியாமல் மூச்சுமுட்டிச் சாகும். மாட்டிய ஆமை வெளியேற வழிவிடும் கருவி எப்போதோ வந்துவிட்டது. முட்டையிடும் பருவத்திலாவது ஒவ்வோர் இழுவைப் படகும் அதைப் பொருத்திக்கொண்டு கடலுக்குப் போக வேண்டும்.