களை எடுத்தும் மாங்கன்று தேறலையா? மண்ணுக்குள் பார்த்தீனியம் செய்யும் வேலை இதுதான்!

"களை எடுத்தாச்சு, தொழு உரம் வெச்சாச்சு, உயிர் உரமும் கலந்து விட்டாச்சு. ஆனாலும் கன்று நட்டது நட்டபடியே நிக்குது." மா சாகுபடியில் புதிதாக இறங்கும் பலரிடம் கேட்கக்கூடிய புலம்பல் இது. தண்ணீர், உரம், பூச்சி எல்லாம் சரியாக இருந்தும் கன்று தேறவில்லை என்றால், பார்க்க வேண்டிய இன்னொரு இடம் மண்ணுக்கு உள்ளே இருக்கிறது.

சேலம் மாநகரின் கிழக்குப் பகுதி அம்மாபேட்டை. அதைத் தாண்டி உடையாப்பட்டி, அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி என்று போகும் வழியெங்கும் மா விளையும் பூமி. மல்கோவா, இமாம் பசந்த், செந்தூரா, சேலம் பெங்களூரா, குண்டு என்று சேலத்துக்குப் பெயர் வாங்கித் தந்த ரகங்கள் வளரும் சமவெளி இது. இங்கே ஒரு மழை பெய்தால் போதும், சாலையோரம், காலி மனை, தோட்டத்து வரப்பு என எல்லா இடத்திலும் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும் செடி பார்த்தீனியம்.

தண்ணீரையும் உரத்தையும் களை திருடிக்கொள்ளும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதோடு, மண்ணில் எந்த நுண்ணுயிர் பெருக வேண்டும், எது ஒடுங்க வேண்டும் என்பதையும் இந்தச் செடி மாற்றுகிறது. அது எப்படி, தோட்டக்காரர்களுக்கு அதனால் என்ன நஷ்டம், என்ன செய்யலாம்? பார்க்கலாம்.

பார்த்தீனியம் எங்கிருந்து வந்தது?

இதன் பூர்வீகம் மெக்சிகோவை ஒட்டிய அமெரிக்க வெப்பமண்டலப் பகுதி. இந்தியாவில் 1950-களின் நடுவில் புனேயில் இந்தச் செடி பரவி வருவது கவனிக்கப்பட்டது. அமெரிக்காவில் இருந்து இறக்குமதியான கோதுமையோடு விதை கலந்து வந்திருக்கலாம் என்று பரவலாக நம்பப்படுகிறது.

ஒரே செடி 15,000-க்கும் அதிகமான விதைகளை உதிர்க்கக்கூடியது. முளைத்து ஒரு மாதத்திலேயே பூக்கத் தொடங்கிவிடும். தொட்டால் தோல் அரிப்பு, மகரந்தத்தால் மூச்சுத் தொல்லை என மனிதர்களுக்கும் பிரச்சினை. ஆடு, மாடுகளும் பெரும்பாலும் இதை ஒதுக்கிவிடும். அதனால் மற்ற செடிகள் மேயப்பட்டுப் போக, இது மட்டும் தழைத்து நிற்கும்.

மாமரத்துக்கும் நுண்ணுயிருக்கும் என்ன உறவு?

மா வேரோடு கூட்டு சேர்ந்து வாழும் ஒரு பூஞ்சை இருக்கிறது. உரக்கடையில் 'வேம்' என்று கேட்டு வாங்கும் வேர் உட்பூசணம்தான் அது. வேருக்குள் நுழைந்து, அங்கிருந்து மெல்லிய இழைகளை மண்ணில் தூரத் தூரப் பரப்பும். வேர் எட்டாத இடத்தில் இருக்கும் மணிச்சத்தையும் ஈரத்தையும் இழுத்து வந்து மரத்துக்குக் கொடுக்கும். பதிலுக்கு மரம் அதற்குச் சர்க்கரை கொடுக்கும்.

இது தவிர, காற்றில் இருக்கும் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் அசோஸ்பைரில்லம், அசட்டோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் இருக்கின்றன. பயறு, நிலக்கடலை வேரில் முடிச்சு போட்டு வாழும் ரைசோபியம் இருக்கிறது. எருவில் இருந்து வெளிவரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களும் உண்டு. போட்ட எரு பயிருக்குப் போய்ச் சேருவதற்கு நடுவில் இத்தனை கைகள் வேலை செய்கின்றன.

இதில் பார்த்தீனியம் எங்கே நுழைகிறது?

இந்தச் செடியில் 'பார்த்தீனின்' என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. பீனாலிக் அமிலங்களும் உண்டு. இலையில் மழை விழுந்து வழியும்போதும், சருகு மக்கும்போதும், வேர்க் கசிவு வழியாகவும் இவை மண்ணில் இறங்குகின்றன.

இதன் விளைவை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர்கள் பெங்களூரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காஞ்சன், ஜெயச்சந்திரா. தழைச்சத்தை நிலைநிறுத்தும் பாக்டீரியாக்களையும் நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியாக்களையும் பார்த்தீனியச் சாறு ஒடுக்குவதை இவர்களது ஆய்வு காட்டியது. 1981-ல் அது வெளியானது.

அதாவது, காசு கொடுத்து வாங்கிப் போடும் உயிர் உரத்தில் எந்தப் பாக்டீரியாக்கள் இருக்கின்றனவோ, கிட்டத்தட்ட அதே கூட்டத்தைத்தான் இந்தக் களை குறிவைக்கிறது. பார்த்தீனியம் மண்டிக் கிடக்கும் பாத்தியில் அசோஸ்பைரில்லம் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினால், அதன் பலன் குறைய வாய்ப்பு அதிகம்.

வளர்ந்த மரத்துக்கும் ஆபத்தா?

20 வருடத்து மாமரத்தின் வேர் ஆழமாகவும் அகலமாகவும் ஓடியிருக்கும். நிழலும் இருப்பதால் அடியில் பார்த்தீனியம் அவ்வளவாக வராது. அதற்குப் பெரிய ஆபத்து இல்லை.

சிக்கல் எல்லாம் முதல் சில ஆண்டுகளில்தான். 10 மீட்டருக்கு 10 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 40 கன்று. மீதி இடம் முழுக்க வெயில் படும் வெற்றுத் தரை. பார்த்தீனியத்துக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. ஒட்டுக்கன்றின் வேர் அப்போதுதான் மேல்மண்ணில் பரவி, பூசணத்தோடு உறவு பிடிக்கும். களையின் நச்சு இறங்குவதும் அதே மேல்மண்ணில்தான்.

இன்னொரு நஷ்டம் ஊடுபயிரில் வரும். காய்ப்புக்கு வராத மாந்தோப்பில் நிலக்கடலை, தட்டைப்பயறு, உளுந்து போட்டு அந்த வருமானத்தில்தான் பலர் கன்றைக் காப்பாற்றுகிறார்கள். ரைசோபியம் அடிபட்டால் இவற்றின் வேரில் முடிச்சு குறையும். முடிச்சு குறைந்தால் தழைச்சத்து குறையும், விளைச்சலும் குறையும். கன்றும் தேறாமல், ஊடுபயிரும் கைகொடுக்காமல் போனால், தோட்டம் போட வாங்கிய கடன் மட்டும்தான் வளரும்.

மண்ணையே தனக்குச் சாதகமாக மாற்றுமா?

மாற்றும் என்பதற்கு உதாரணங்கள் இருக்கின்றன. வெளியில் இருந்து வந்து பரவிய இன்னொரு செடி 'குரோமோலேனா'. மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்தச் செடி படர்ந்த மண்ணை டெல்லி பல்கலைக்கழகத்தின் இந்தர்ஜித் உள்ளிட்ட ஆய்வாளர்கள் சோதித்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்தச் செடியின் வேர் மண்டலத்தில் 'பியூசேரியம்' என்ற நோய்ப் பூஞ்சை, பக்கத்தில் இருந்த உள்ளூர்ச் செடிகளின் மண்ணைவிட 25 மடங்குக்கும் அதிகமாகச் சேர்ந்திருந்தது. அந்தப் பூஞ்சை உள்ளூர்ச் செடிகளின் வளர்ச்சியைக் கெடுத்தது. உள்ளூர் மண்ணில் ஏற்கெனவே இருந்த நோய்க்கிருமியைத் தன் வேரடியில் பெருக்கி, அண்டை அயல் செடிகளை அடிக்க வைக்கிறது இந்தக் களை.

அமெரிக்காவில் 'பூண்டுக் கடுகு' என்ற ஐரோப்பியக் களை வேறு வழியைப் பிடித்தது. அந்தக் களை வளர்ந்த மண்ணில் மேப்பிள் போன்ற மரங்களின் நாற்றுகள், வேர்ப் பூசணத்தின் துணை கிடைக்காமல் குன்றிப்போனதை 2006-ல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. பூண்டுக் கடுகுக்கு அந்தப் பூசணத்தின் தயவே தேவையில்லை. அதனால் அது அழிந்தாலும் களைக்கு நஷ்டம் இல்லை.

பார்த்தீனியத்தின் கதை இதிலும் கொஞ்சம் மாறுகிறது. அதன் வேரிலும் வேர் உட்பூசணம் வாழ்கிறது. எனவே பார்த்தீனியம் இருக்கும் மண்ணில் பூசணமே இருக்காது என்று நினைத்துவிடக் கூடாது.

களையைப் பிடுங்கினால் நச்சு போய்விடுமா?

பார்த்தீனின் மண்ணில் எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கும் என்று ஜெர்மனியின் ஹோஹன்ஹைம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 2009-ல் வெளியான முடிவுப்படி, சில நாட்களிலேயே அது பாதியாகக் குறைந்துவிடுகிறது. கிருமிநீக்கம் செய்த மண்ணில் மட்டும் சிதைவு தாமதமானது.

இதில் இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, நச்சை உடைப்பதே மண்ணின் நுண்ணுயிர்கள்தான். மண்ணில் உயிர் அதிகமாக இருந்தால் நச்சு சீக்கிரம் தீரும். இரண்டு, செடி நின்றுகொண்டே இருந்தால் தினமும் புது நச்சு இறங்கிக்கொண்டே இருக்கும். இலை உதிர்வும் மழையும் அதற்குத் துணை. ஆக, களையை அகற்றுவது முதல் படி. மண்ணில் அங்ககப் பொருளைக் கூட்டி நுண்ணுயிரைத் திரும்பக் கொண்டுவருவது இரண்டாவது படி. பலர் முதல் படியோடு நின்றுவிடுகிறார்கள். வெறும் தரையாக விட்ட இடத்தில், அடுத்த மழைக்கு மறுபடி பார்த்தீனியமே முளைக்கிறது.

உங்கள் மண்ணில் பாதிப்பு இருக்கா? எப்படிப் பார்ப்பது?

மத்திய அரசின் மண் வள அட்டையில் 12 அளவீடுகள் இருக்கும். நுண்ணுயிர் எண்ணிக்கை அதில் இல்லை. ஆனால் 'அங்ககக் கரிமம்' என்ற அளவீடு இருக்கும். அது குறைவு என்று வந்தால், நுண்ணுயிருக்கான தீனி குறைவு என்று அர்த்தம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்றும் இருக்கிறது:

• பார்த்தீனியம் மண்டிய இடத்தில் இருந்து ஒரு தொட்டி மண், அதே தோட்டத்தில் களை இல்லாத இடத்தில் இருந்து ஒரு தொட்டி மண் எடுக்க வேண்டும்.
• இரண்டிலும் தட்டைப்பயறு விதைத்து, ஒரே அளவு தண்ணீர், ஒரே அளவு வெயில் தர வேண்டும். யூரியா எதுவும் போடக் கூடாது. அது முடிச்சு உருவாவதையே குறைத்துவிடும்.
• 30 முதல் 35 நாளில் செடியை மண்ணோடு எடுத்து, வேரை மெதுவாகக் கழுவிப் பார்க்க வேண்டும்.
• முடிச்சுகளை எண்ணி, ஒன்றிரண்டை நகத்தால் கிள்ளிப் பார்க்க வேண்டும். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா வேலை செய்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை.

களை மண்ணில் முடிச்சு தெளிவாகக் குறைந்திருந்தால், அந்த இடத்துக்குக் கூடுதல் கவனிப்பு தேவை.

சரி, என்ன செய்யலாம்?

பூக்கும் முன் பிடுங்குங்கள்: மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும்போது வேரோடு வரும். கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை அவசியம். பூத்த பிறகு இழுத்தால், விதைப்பதற்கு நாமே உதவி செய்த மாதிரி ஆகிவிடும்.

கன்றைச் சுற்றி மூடாக்கு போடுங்கள்: காய்ந்த இலை, வைக்கோல், நிலக்கடலைத் தொலி எது கிடைத்தாலும் பாத்தியில் பரப்பலாம். வெளிச்சம் மறைந்தால் களை விதை முளைப்பது குறையும், ஈரமும் நிற்கும். மூடாக்கு தண்டைத் தொடாமல் கொஞ்சம் தள்ளி இருக்கட்டும்.

காலி இடத்தை நிரப்புங்கள்: இதுதான் முக்கியம். கொழிஞ்சி, சணப்பை, தட்டைப்பயறு போன்றவற்றை வரிசைகளுக்கு நடுவே விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழலாம். இவை இடத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தீனியத்தை நெருக்கும், ரைசோபியத்துக்கும் வீடு கொடுக்கும். சேலம் மாதிரி வறட்சிப் பகுதிக்குக் கொழிஞ்சி நன்றாகப் பொருந்தும். கால்நடைகளும் அதை அதிகம் மேயாது. விதைத்தோல் கடினமானது என்பதால், மணலோடு சேர்த்துத் தேய்த்துவிட்டு விதைத்தால் முளைப்பு கூடும். வரப்பில் ஆவாரை, தகரை இருந்தால் அழிக்க வேண்டாம். அவையும் பார்த்தீனியத்தோடு போட்டி போடக்கூடியவை.

உயிர் உரத்தைக் கடைசியில் போடுங்கள்: களை எடுத்து, எரு போட்டு, மண்ணில் ஈரம் இருக்கும்போது மாலை நேரத்தில் மக்கிய தொழு உரத்தோடு கலந்து இடுவது நல்லது. ரசாயன உரத்தோடு கலக்கக் கூடாது.

பிடுங்கியதை எரிக்க வேண்டாம்: பூக்காத செடியைச் சாணக் கரைசல் தெளித்துக் குழியில் மக்க வைத்தால் எருவாகும். பூத்ததை அதில் சேர்த்தால், சூடு போதாத இடத்தில் விதை தப்பித்து, எருவோடு தோட்டத்துக்கே திரும்பி வரும்.

விதை வரும் வழியை அடையுங்கள்: வெளியில் வாங்கும் எரு, வாடகைக்கு வரும் ரோட்டவேட்டர், நாற்றங்கால் பையில் இருக்கும் மண் என எல்லாவற்றிலும் விதை வரலாம். கன்று வாங்கும்போதே பையில் களை இருக்கிறதா என்று பாருங்கள்.

உப்புக் கரைசல், களைக்கொல்லி அடிக்கலாமா?

லிட்டருக்கு 200 கிராம் சமையல் உப்பைச் சோப்புக் கரைசலோடு கலந்து தெளிப்பது, பயிர் இல்லாத தரிசுக்கும் சாலையோரத்துக்கும் சொல்லப்படும் வழி. மாந்தோப்புக்குள் அதைச் செய்தால் மண்ணில் உப்பு ஏறி, கன்றின் வேரும் நுண்ணுயிரும் சேர்ந்தே பாதிக்கப்படும்.

கிளைபோசேட் செடிகளைக் கொல்வது, அவற்றில் உள்ள ஒரு குறிப்பிட்ட நொதியை முடக்கி. அதே நொதி பல பாக்டீரியாக்களிலும் பூஞ்சைகளிலும் இருக்கிறது. பச்சைத் தண்டுள்ள இளங்கன்று மேல் சாரல் பட்டாலும் ஆபத்துதான். இந்த மருந்தைப் பூச்சிக்கட்டுப்பாட்டு வல்லுநர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு கட்டுப்பாடு அறிவித்தது.

வண்டு விட்டால் போதுமா?

பார்த்தீனிய இலையை மட்டும் குறிவைத்துத் தின்னும் மெக்சிகோ வண்டு 1984-ல் பெங்களூருவில் விடப்பட்டது. மழைக்காலத்தில் செடியை மொட்டையாக்கும் அளவுக்குத் தின்னும். வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் ஒடுங்கிவிடும். உதவிதான், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

யாரிடம் கேட்பது?

சேலம் மாவட்டத்தில் சந்தியூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அந்தந்த வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலும் ஆலோசனை கேட்கலாம். நாடு முழுவதும் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் நடத்தப்படுகிறது.

மா நடவுக்கு ஏற்ற காலம் ஜூலை முதல் டிசம்பர் வரை. இந்தச் சீசனில் கன்று நட நினைப்பவர்கள், முதல் மழைக்கு முளைக்கும் பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் அகற்றி, கொழிஞ்சியோ தட்டைப்பயறோ விதைத்து மடக்கி உழுதுவிட்டுக் குழி எடுத்தால், கன்று இறங்கும்போது மண் தயாராக இருக்கும்.