குதிரை வந்த கரை

போன ஞாயிறு மாமல்லபுரம் கடற்கரை. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நடக்கும் சவாரிக் குதிரை ஒன்றைப் பிடித்திருந்தவரிடம், "இது என்ன ஜாதிண்ணே?" என்று கேட்டேன். "நாட்டுக் குதிரைதான் சார்" என்றார்.

எந்த நாட்டுக் குதிரை? அந்தக் கேள்விதான் இந்த நீண்ட பதிவு. டாக்டருக்கு ஏன் இந்த வேலை என்று கேட்காதீர்கள். மரபணு, சாப்பாடு, எலும்பு மூன்றும் இதில் இருக்கிறது. நம்ம ஏரியாதான்.

இந்தக் கரைக்குக் குதிரை புதுசு இல்லை. சங்க இலக்கியமான பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்று ஒரு துறைமுகம் வருகிறது. தொண்டைமான் இளந்திரையன் நாடு. கப்பலில் வந்து இறங்கும் சரக்கில் குதிரையும் உண்டு. அந்த ஊர் மாமல்லபுரம் பக்கம்தான் என்பது ஆய்வாளர்கள் சிலரின் கருத்து. காவிரிப்பூம்பட்டினத்திலும் இதே கதை. சோழர் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். மாணிக்கவாசகர் கதை உங்களுக்கே தெரியும்: பாண்டியன் கஜானாப் பணத்தைக் கொடுத்து அனுப்பியதே குதிரை வாங்கத்தான்.

அதாவது ஆயிரம் வருஷத்துக்கு மேல் வாங்கிக்கொண்டே இருந்தோம். எவ்வளவு? பாண்டிய நாட்டுத் துறைமுகங்களுக்கு வருஷம் 10,000 குதிரை, ஒன்று 220 பொன் தினார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸாஃப் எழுதுகிறார். வழியில் கடலில் செத்த குதிரைக்கும் காசு உண்டாம்! எண்ணிக்கையில் கொஞ்சம் மசாலா இருக்கலாம். ஆனால் 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த மார்க்கோ போலோவும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறார். அரசரும் நான்கு சகோதரர்களும் ஆளுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குவார்கள், வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சாது. லாடம் அடிக்க, வைத்தியம் பார்க்க ஆள் இல்லை. வியாபாரிகள் அப்படிப்பட்ட ஆட்களை வரவும் விடுவதில்லை. (செத்தால்தானே அடுத்த வருஷமும் விற்கலாம்!)

என்னைப் பிடித்து நிறுத்தியது அவர் சொல்லும் இன்னொரு விஷயம். நல்ல உசந்த பொலிக்குதிரையை நல்ல பெட்டைக் குதிரையோடு சேர்த்தாலும், பிறக்கும் குட்டி கால் கோணி, சவாரிக்கு லாயக்கில்லாமல் போகிறது என்கிறார். குதிரைகளுக்குச் சோறும் இறைச்சியும் போட்டதாகவும் எழுதியிருக்கிறார்.

இங்கே ஒரு நிமிஷம் நிற்போம். அப்பா அம்மா இரண்டுமே தரமான ரத்தம், குட்டி மட்டும் கால் கோணல். மரபணுவில் கோளாறு என்று நான் நினைக்கவில்லை. அரிசி, தவிடு, இறைச்சி எல்லாவற்றிலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. ரத்தத்தில் கால்சியத்தைச் சரிக்கட்ட பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து உருவும். ஐரோப்பாவில் மாவு ஆலைக்காரர்கள் தவிடு போட்டு வளர்த்த குதிரைகளுக்கு இதே மாதிரி எலும்பு நோய் வந்து, 'ஆலைக்காரர் நோய்' என்றே பெயர் வைத்தார்கள். பாண்டியன் குட்டிகளுக்கும் இதுதான் என்பது என் ஊகம். 700 வருஷம் கழித்து எக்ஸ்ரே எடுக்க முடியாது.

ஒரு நாட்டு இனம் உருவாக, நம்ம வெயிலையும் புல்லையும் ஈயையும் தாங்கிப் பிழைத்தவை குட்டி போட்டு, அந்தக் குட்டிகளும் பிழைக்க வேண்டும். வருஷா வருஷம் புதுசு வாங்கினால் அந்தத் தேர்வு நடக்கவே நடக்காது. இன்று இந்தியாவில் பதிவான குதிரை இனங்களைப் பாருங்கள்: மார்வாரி, காத்தியாவாரி, சன்ஸ்காரி, ஸ்பிதி, பூட்டியா, மணிப்பூரி, கச்சி-சிந்தி, பீம்தடி. தமிழ்ப் பெயர் ஒன்றுகூட இல்லை. ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்குப் போனாலும் கூட்டம் நிற்பது மார்வாரி, காத்தியாவாரி முன்னால்தான்.

அவற்றின் நிலைமையும் சுகமில்லை. 2012இல் நாட்டில் சுமார் 6.2 லட்சம் குதிரைகள். 2019 கணக்கெடுப்பில் 3.4 லட்சம். 2023இல் பிகானேரில் உள்ள ஆய்வு மையத்தில் கருமாற்று முறையில் ஒரு மார்வாரிக் குட்டி பிறந்தது. இனம் நன்றாக இருந்தால் யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

நமக்குப் பக்கத்தில் யாரும் தேர்ந்தெடுக்காமல் தானாகவே பிழைத்த குதிரைகள் இரண்டு இடத்தில் உண்டு. ஒன்று கோடியக்கரை. அங்கே 1967இல் சரணாலயம் அமைந்தது வெளிமானுக்காக. மட்டக்குதிரைகள் அங்கே கேட்காமல் வந்த விருந்தாளி. இன்னொன்று பாக் நீரிணைக்கு அப்பால் நெடுந்தீவு. போர்த்துக்கீசர், டச்சுக்காரர் காலத்தில் வளர்த்து, பிறகு கைவிட்ட குதிரைகளின் வாரிசுகள். உப்புக் காற்று, பவளக்கல் தரை, கோடையில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் சாவு. 2015இல் தேசியப் பூங்கா ஆனது. பூங்கா என்று பலகை வைத்தால் தண்ணீர் ஊறாது.

தலையை எண்ணி நிம்மதியாகவும் இருக்க முடியாது. குதிரைக் கூட்டத்தில் பெரும்பாலும் ஒரு ஆண், பல பெட்டைகள். உதாரணத்துக்கு 10 பொலிக்குதிரையும் 90 பெட்டையும் இருந்தால், மரபணுக் கணக்கில் அது 100 இல்லை, வெறும் 36தான். ஒரே தகப்பனுக்கு வேறு வேறு தாயிடம் பிறந்த இரண்டு குதிரைகள் சேர்ந்தால் குட்டிக்கு வரும் நெருக்கம் எட்டில் ஒரு பங்கு. அது நம்ம ஊர் தாய்மாமன் கல்யாணத்தின் அதே எண்! ஓபியில் "சொந்தத்துலயா கட்டினீங்க?" என்று நான் தினமும் கேட்கும் கேள்வியை அங்கே யாராவது கேட்க வேண்டும்.

கேட்பது கஷ்டமும் இல்லை. வேரோடு பிடுங்கிய பத்து வால்மயிர் போதும், டி.என்.ஏ. எடுத்துவிடலாம். நெடுந்தீவுக் குதிரையும் கோடியக்கரைக் குதிரையும் உறவா, எந்தக் குழுவிலிருந்து எதற்கு ஒரு பொலிக்குதிரையை மாற்றி விடலாம் என்று அதிலேயே பார்க்கலாம். கடல் நடுவில் எல்லைக்கோடு இருப்பதால் இரண்டு அரசாங்கத்தின் கையெழுத்தும் வேண்டும், அதுதான் பெரிய வேலை.

கடற்கரை அண்ணனிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். என்ன போடுறீங்க இதுக்கு? "தவிடு, கொள்ளு, புல்லு சார்." தவிட்டைக் குறைத்து, புல்லைக் கூட்டச் சொல்லிவிட்டு வந்தேன்.