பற்றுகையில் உள்ள நிலமும் பேணும் பொறுப்பும்: போடி ஏலமலைச் சரிவை முன்வைத்து

சென்னை மாகாணத்தில் ஒருவரது நிலம் மாவட்ட ஆட்சியரின் பொறுப்பில் செல்வதற்குப் பல வழிகள் இருந்தன. உரிமையாளர் சிறாராயின் 1804ஆம் ஆண்டின் 5ஆம் ஒழுங்குமுறையும் பின்னர் 1902ஆம் ஆண்டுக் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் சட்டமும் பொருந்தின. வரி நிலுவைக்கு 1864ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டம் இருந்தது. வழக்கிலுள்ள நிலத்திற்கு 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் வகைசெய்தது. இவற்றுள் கடைசிச் சட்டமே இங்கு நம் கவனத்திற்குரியது.

அச்சட்டத்தின் 40ஆம் கட்டளைப்படி நியமிக்கப்படும் ரிசீவருக்குச் சொத்தைக் காத்தல் மட்டுமின்றி மேம்படுத்தலும் கடமையாகலாம். அரசுக்கு வரி செலுத்தும் நிலமாயின், ஆட்சியரின் இசைவுடன் அவரையே ரிசீவராக நியமிக்கலாம். 21ஆம் கட்டளையின் 45ஆம் விதி இன்னும் நுட்பமானது. நிற்கும் பயிரைப் பற்றுகை செய்தாலும், நீதிமன்றம் விதிக்கும் நிபந்தனைகளுக்குட்பட்டு, கடனாளியே அதனைப் பேணி அறுத்துச் சேமிக்கலாம். அவர் தவறினால், நீதிமன்ற அனுமதியுடன் தீர்ப்பு பெற்றவர் அதனைச் செய்து செலவை வசூலித்துக்கொள்ளலாம். பயிர் அறுவடைக்கு வரும் காலத்தை விண்ணப்பத்தில் குறிப்பிடவேண்டும். விதியை வரைந்தவர்கள் ஒருமுறை விளைந்து ஒருமுறை அறுக்கப்படும் பயிரையே மனத்திற்கொண்டிருந்தனர் எனத் தோன்றுகிறது.

போடிநாயக்கனூருக்கு மேற்கே எழும் சரிவில் இக்கணக்கு பொருந்துவதில்லை. ஏலம் மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கும். பருவத்தில் ஏறத்தாழ 30 முதல் 45 நாள் இடைவெளியில் பலமுறை காய் எடுக்கப்படும். பறித்த காயை உடனே உலர்த்தவேண்டும். ஐந்து கிலோ பச்சைக்காய் ஏறத்தாழ ஒரு கிலோவாகும். மழைக்கு முன் நிழல்மரங்களைக் கவாத்து செய்யாவிடில் தோட்டம் கெடும். இங்கே பூட்டிவைத்தல் பாதுகாப்பாகாது. மேலும் மலைமுகட்டுக்கு அப்பால் திருவிதாங்கூர் இருந்தமையால், சென்னை மாகாண நீதிமன்றங்களின் பற்றுகை எல்லையிலேயே நின்றது.

பிரிக்கப்படாத உடைமையான போடி ஜமீனின் வாரிசுரிமை வழக்கை உச்ச நீதிமன்றம் 1951 டிசம்பரில் தீர்த்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டமோ 1948இலேயே இயற்றப்பட்டிருந்தது. இத்தீர்ப்பு கூட்டுக்குடும்ப வாரிசுரிமைக்காகவே பயிலப்படுகிறது. வழக்குக் காலத்தில் நிலத்தைப் பேணியவர் யார், எவ்வகையில் பேணினார் என்ற வினாவும் ஆவணங்களிடம் எழுப்பப்படவேண்டியதே.

2002ஆம் ஆண்டின் பணமோசடித் தடுப்புச் சட்டம் இடைக்காலப் பற்றுகைக்கு 180 நாள் வரம்பு வைக்கிறது. அதுவரை உரியவர் அசையாச் சொத்தைத் துய்ப்பதைத் தடுப்பதில்லை. பற்றுகை உறுதியானபின்னும், இறுதிப் பறிமுதலுக்கு முன் உடைமையைக் கைக்கொள்வது விதிவிலக்காகவே இருக்கவேண்டும் என உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. ஏலத்தோட்டத்தைப் பொறுத்தவரை இது 1908ஆம் ஆண்டு விதியின் வழியிலேயே செல்கிறது: செடியறிந்தவரைச் செடியிடமிருந்து பிரிப்பதில்லை.