ஹாஸ்டல் ஸ்டவ்விலிருந்து ஜெட் எஞ்சின் வரை



"மலருக்கு ஏதாவது எழுதுடா" என்று நண்பன் போன் செய்தபோது, எனக்குக் கவிதையெல்லாம் வராதே என்றேன். "அப்ப உன் தொழிலைப் பத்தியே எழுது" என்றான். ஜெட் எஞ்சின் பாகங்கள் செய்பவர்களுக்கு நிக்கல் சூப்பர் அலாய் சப்ளை செய்வது என் தொழில். அதன் கதை நம் ஹாஸ்டல் அறையிலிருந்தே தொடங்குகிறது என்றால் நம்புவீர்களா?

வார்டனுக்குத் தெரியாமல் காயில் ஸ்டவ்வில் முட்டை அவித்தோமே, அந்தச் சுருள்கம்பி நிக்ரோம். 80 பங்கு நிக்கலும் 20 பங்கு குரோமியமும் சேர்ந்தால், செக்கச் சிவக்கக் காய்ந்தாலும் உதிராது. இந்த வகைக் கலவைக்கு 1906-ல் காப்புரிமை பெற்றவர் ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர்.

1937 ஏப்ரல் 12 அன்று இங்கிலாந்தின் ரக்பி நகரில் ஃபிராங்க் விட்டில் தன் ஜெட் எஞ்சினை முதன்முதலாக ஓட்டிக் காட்டினார். எஞ்சின் ஓடியது, ஆனால் டர்பைன் பிளேடுதான் பெரிய தலைவலி. நெருப்பில் காய்ந்தபடியே அசுர வேகத்தில் சுழல வேண்டும். எஃகு அந்தச் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு ஒருநாள் அறுந்துவிடும். இதைத்தான் நம் புரொபசர் "க்ரீப்" என்று போர்டில் எழுதினார். நம்மில் பாதிப் பேர் அப்போது நல்ல தூக்கத்தில்!

1940-களின் தொடக்கத்தில் ஹென்றி விக்கின் நிறுவனம் அதே ஹீட்டர் கம்பிக் கலவையை எடுத்து, சிறிது டைட்டானியமும் அலுமினியமும் சேர்த்து 'நிமோனிக் 80' செய்தது. அந்தச் சிறு சேர்க்கை உலோகத்துக்குள் 'காமா பிரைம்' என்ற நுண்துகள்களாகப் பிரிந்து நின்று, சூட்டிலும் அதை நீளவிடாமல் பிடித்துக்கொண்டது.

அதே காலத்தில் ஜெர்மனியில் நிக்கல் தட்டுப்பாடு. அவர்களது யூமோ 004 எஞ்சினின் ஆயுள் சுமார் 25 மணி நேரம்தான். பல அதற்கு முன்பே கைவிட்டன. மூளை இருந்தது, உலோகம் இல்லை. சப்ளை என்பது வெறும் லாரி ஏற்றும் வேலை அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அலுமினியமும் டைட்டானியமும் காற்றோடு உடனே உறவு கொண்டாடும். அதனால் 1950-களில் வெற்றிடத்தில் உருக்கும் முறை வந்தது. 1962-ல் ஐசல்ஸ்டைன் காப்புரிமை பெற்ற 'இன்கோனல் 718' இன்றும் எங்கள் கிடங்கில் அன்றாடச் சரக்கு.

இங்கே என் கதை ஒன்று. வேலையில் சேர்ந்த முதல் வருடம், 718 ராடு ஒன்றில் ஹீட் நம்பர் அழிந்துபோயிருந்தது. அளவு சரி, கெமிஸ்ட்ரி டெஸ்டும் சரி. "அனுப்பிடலாம் சார்" என்றேன். மேலதிகாரி பேசாமல் ராடை அறுத்து ஸ்கிராப்பில் போடச் சொன்னார். எவ்வளவு பணம் என்று மனசுக்குள் திட்டினேன்.

2016 அக்டோபர் 28. சிகாகோவில் ஓடுபாதையில் ஓடிய போயிங் 767-இன் டர்பைன் தட்டு ஒன்று உடைந்து தெறித்தது. ஒரு துண்டு ஏறத்தாழ 900 மீட்டர் பறந்து கிடங்கின் கூரையைத் துளைத்தது. விமானம் தீப்பிடித்தும், உள்ளே இருந்த 170 பேரும் உயிர் பிழைத்தார்கள். உடைந்தது 718 தட்டு. காரணம், ஏறக்குறைய 20 வருடம் முன்பு உருக்கியபோதே உள்ளே தங்கிவிட்ட ஒரு சிறு குறை. விசாரணையாளர்கள் பழைய தயாரிப்புப் பதிவுகள் வரை தேடிப் போனார்கள். அறிக்கையைப் படித்த இரவு என் மேலதிகாரி நினைவுக்கு வந்தார். கெமிஸ்ட்ரி சரியாக இருந்தால் போதாது. எந்த உருக்கில் பிறந்தது என்று தெரியாத உலோகத்தைப் பின்னால் தேடக்கூட வழியில்லை.

நம் நாட்டிலும் 1973-ல் ஹைதராபாத்தில் மிதானி தொடங்கியது. 2021-ல் டி.ஆர்.டி.ஓ. ஒற்றைப் படிக டர்பைன் பிளேடுகள் 60 செய்து எச்.ஏ.எல்.-க்குக் கொடுத்தது. போக வேண்டிய தூரம் நிறைய. படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் இதற்கு வரவேண்டும்.

வரும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: நம்பர் அழிந்தால் அறுத்துப் போடுங்கள். ஸ்டவ்வைப் பறிமுதல் செய்த வார்டன் சாருக்கும் என் வணக்கம்!