வின்ச் வயரும் வில் நாணும்

தூத்துக்குடியை ஒட்டிய மாப்பிள்ளையூரணிப் பக்கம் வேட்டை வில்லைத் தேடிப் போனால் கிடைக்காது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு, வில்லெடுத்து மான் வேட்டைக்குப் போக இந்தியாவில் சட்டப்படி வழியில்லை. அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் கையில் வளர்ந்த, முனைகளில் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில் இங்கே இலக்குப் போட்டிக்கு மட்டும்தான். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் அதை முதன்முறையாகச் சேர்த்தபோது இந்திய ஆண்கள் அணி தங்கம் வென்றது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கலப்பு அணிப் போட்டியாகவும் வரப்போகிறது. தேய்ந்த வில்லை வைத்துக்கொண்டு விழிப்பவர்கள் இனி நம் பக்கத்திலும் பெருகுவார்கள். அவர்கள் ஒரு முறை தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்கு வந்து விசைப்படகில் வயரைச் சுற்றி இழுக்கும் வின்ச்சைப் பார்ப்பது நல்லது.

இரண்டிலும் வேலை ஒன்றுதான்: சக்கரத்தின் பள்ளத்தில் வளைந்து ஓடும் கயிறு, அதன் மேல் பெரும் இழுவை. மிசௌரிக்காரர் ஹோலஸ் வில்பர் ஆலன் 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை பெற்ற வில்லின் வழிவந்த ஆரம்பகால வில்களில் எஃகு வயர்தான் கேபிளாக ஓடியது. சின்னச் சக்கரத்தில் எஃகு திரும்பத் திரும்ப வளைந்தால் அதன் இழைகள் ஒவ்வொன்றாக அறும். படகுக் கப்பியிலும் அதே கதை. பின்னால் எஃகு போய் உயர் வலிமை பாலிஎத்திலீன் நார் வந்தது. அந்த நார் இன்று இழுவை மடி வலைகளிலும் கடல் கயிறுகளிலும் நுழைந்துவிட்டது. ஆக, இரு தொழிலும் ஒன்றிடமிருந்து ஒன்று தூரமாக இல்லை.

ஆனால் தேய்மானம் முகம் காட்டும் விதம் வேறு. எஃகு வயர் வெளிப்படையானது. அறுந்த இழை முள்ளாகத் துருத்தி நிற்கும், கையுறையைக் கிழிக்கும். ஏற்றப் பொறிகளுக்கான அமெரிக்க விதி ஒன்று, ஒரு முறுக்கு நீளத்துக்குள் ஆறு இழை அறுந்திருந்தால் வயரைக் கழித்துவிடச் சொல்கிறது. எண்ணி முடிவெடுக்கலாம். நார் நாணில் எண்ண எதுவும் இல்லை. அது அறுவதற்கு முன் நீளும், அதுவும் கண்ணுக்குத் தெரியாமல். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வில்லை விட்டுவிட்டுப் போனால் இன்னும் வேகமாக நீளும்.

இன்னொரு வேறுபாட்டைப் பலர் யோசிப்பதில்லை. கரையில் கட்டிய படகின் வயர் தளர்ந்து கிடக்கும். காம்பவுண்ட் வில் ஆணியில் தொங்கும்போதும் நாணும் கேபிளும் இறுகியே இருக்கும். எய்யாமல் வைத்திருந்த வில்தானே, நாண் புதுசு போலத்தான் இருக்கும் என்று நம்புவது வீண்.

அதனால் நாண் நீண்டதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு அச்சுகளுக்கும் இடைப்பட்ட நீளம், கைப்பிடியிலிருந்து நாண் நிற்கும் தூரம், இழுப்பு எடை ஆகிய மூன்றையும் புதிதாக இருக்கும்போதே எழுதி வைத்தால் போதும். பின்னால் மாறியது எதுவோ அது பேசும். நாணில் செருகிய பார்வைத் துளை இழுக்கும்போது கண்ணுக்கு நேராக வராமல் திரும்பி நின்றால் நாண் முறுக்கு மாறியிருக்கிறது. கேம் எனப்படும் வில் சக்கரத்தின் பள்ளத்தை விட்டு நாண் வெளியேறும் இடத்தில் மேல்சுற்று நூல் பிரிந்தால், பள்ளத்தில் பிசிறு இருக்கிறதா என்று பஞ்சை ஓட்டிப் பார்க்க வேண்டும். பஞ்சு எங்கே மாட்டுகிறதோ அங்கேதான் குற்றவாளி. வில் கைகளின் ஓரத்தில் நாரிழைச் சிம்பு எழும்பியிருக்கிறதா என்பதற்கும் அதே பஞ்சு உதவும். விரலால் தடவாதீர்கள், சிம்பு ஏறிவிடும்.

எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுவது இரட்டைக் கயிறு விஷயம். இழுவை மடியை இரண்டு வயர்கள் இழுக்கின்றன, அதன் வாயை விரிக்க முனைக்கு ஒரு பலகை. ஒரு வயர் நீண்டுவிட்டால் மடியின் வாய் கோணிப்போகும், மீன் தப்பும். அதற்காகத்தான் இரண்டிலும் ஒரே அளவில் அடையாளம் கட்டி, சமமாக விடுகிறார்கள். இரட்டைக் கேம் வில்லிலும் மேலும் கீழும் உள்ள கேம்கள் ஒரே நேரத்தில் முடிவை எட்ட வேண்டும். ஒன்று முந்தினால் இழுப்பின் கடைசியில் கை இரண்டு தடவை இடறும். அம்பு மேலும் கீழுமாகச் சிதறும். வில்லாளி தன் கையைப் பழிப்பான், பயிற்சியாளர் மூச்சைப் பழிப்பார். கேமில் நிறுவனம் பொறித்த குறிகளைப் பார்த்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

உப்புக்காற்றில் இரண்டும் வேறு வேறு இடத்தில் நோகும். வயருக்கு உள்ளே துரு, அதற்குக் கிரீஸ். நாண் துருப்பிடிக்காது, ஆனால் உப்புத்தூள் நாருக்குள் போய் அரைக்கும், அதற்கு மெழுகு. உப்பளக் காற்று அடிக்கும் இந்த ஊரில் வில்லுக்கு உண்மையான ஆபத்து அச்சும் திருகுகளும்தான். அலுமினிய உடலில் எஃகுத் திருகு நெடுநாள் இருந்தால் இரண்டும் அரித்துப் பிடித்துக்கொள்ளும். துரு நீக்கும் ஸ்பிரேயைப் பேரிங்கில் பீய்ச்சுவது நம்மவர் கைப்பழக்கம். அது உள்ளே இருக்கும் கிரீஸையும் சேர்த்துக் கழுவிவிடும். கேம் பக்கவாட்டில் ஆடினால் புஷ் தேய்ந்திருக்கலாம். வில்லை அழுத்திப் பிடிக்கும் பிரஸ் இல்லாமல் அச்சைக் கழற்ற முனைவது கைவிரலோடு விளையாடுவது.

படகுக்காரருக்கு ஒரு வசதி உண்டு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. படகைக் கரையேற்றி, வயரைப் பிரித்து, கப்பியைக் கழற்றிப் பார்க்க அரசாங்கமே நாள் குறித்துவிடுகிறது. வில்லாளிக்கு அப்படி யாரும் குறிப்பதில்லை. போட்டிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் அவரே குறித்துக்கொள்ள வேண்டும். மாற்றும்போது நாணையும் கேபிள்களையும் ஒரே செட்டாக மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது நீண்ட அளவில் நிற்க, புதியது இனிமேல்தான் நீளத் தொடங்கும், கேம் குறிகளும் மறுபடி விலகும்.